ஊசியா, மாத்திரையா: டெஸ்டோஸ்டிரோன் சந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர்களுக்கு அதை வெளியிலிருந்து கொடுப்பது டெஸ்டோஸ்டிரோன் மாற்றுச் சிகிச்சை. அதன் சந்தையை எடைபோடுபவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஊசி வலிக்கும், மாத்திரை வலிக்காது, அதனால் நல்ல மாத்திரை ஒன்று வந்துவிட்டால் ஊசி ஓரம்போய்விடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை.

2019 மார்ச்சில் கிளாரஸ் நிறுவனத்தின் ஜடென்ஸோ கேப்சூலுக்கு அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 2022இல் ட்லாண்டோ, கைசாட்ரெக்ஸ் என்று இன்னும் இரண்டு வந்தன. அதே 2022 செப்டம்பரில் கிளாரஸ் திவால் மனு போட்டது. ஜடென்ஸோ இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. மருந்து வேலை செய்யாமல் போனதால் வந்த விளைவு இல்லை இது. எதிரில் நின்ற போட்டியாளர் அப்படிப்பட்டவர். டெஸ்டோஸ்டிரோனின் வேதி வடிவங்களான சிபியோனேட், எனந்தேட் ஊசிகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை, காப்புரிமைக் காலம் என்றோ முடிந்தவை, பல நிறுவனங்கள் ஜெனரிக்காகத் தயாரிப்பவை. மலிவான ஊசி கையில் இருக்கும்போது, விலை கூடிய கேப்சூலுக்குக் காப்பீட்டு நிறுவனம் எளிதில் தலையாட்டாது. வசதி என்று பார்த்தாலும் கணக்கு நேர்கோடாகப் போவதில்லை. கேப்சூலைத் தினமும் இரண்டு வேளை, உணவோடு எடுக்க வேண்டும். அதாவது வருடத்துக்கு 700 தடவைக்கு மேல். வாரம் ஒரு ஊசி என்றால் 52 தடவை. எது தொந்தரவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்து, ‘வாய்வழி மருந்து’ என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவது. இதில்தான் எனக்கு அதிக வருத்தம், ஏனென்றால் இந்தக் குழப்பம் சந்தைக் கணக்கை மட்டுமல்ல, நோயாளியின் உடம்பையும் பாதிக்கும். வெறும் டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். அதைத் தாண்டுவதற்காக வந்த பழைய வழி மெத்தில்டெஸ்டோஸ்டிரோன். மூலக்கூறையே மாற்றி, கல்லீரல் எளிதில் சிதைக்க முடியாதபடி செய்தார்கள். அதற்கான விலையைக் கல்லீரலே கொடுத்தது. பித்தம் தேங்குவது, கல்லீரலில் இரத்தம் நிரம்பிய குழிகள் தோன்றுவது போன்ற பாதிப்புகள் பதிவாயின. இன்றைய கேப்சூல்களில் இருப்பது அன்டிகனோயேட் என்ற இன்னொரு வடிவம். இது கொழுப்போடு சேர்ந்து குடலின் நிணநீர்க் குழாய்கள் வழியாக இரத்தத்துக்குப் போகிறது, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு. உணவோடு எடுக்கச் சொல்வதும் அதனால்தான். ‘ஆண்ட்ரியால்’ என்ற பழைய அன்டிகனோயேட் கேப்சூலை வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பில் சேர்வது மிக மிகக் குறைவு. ஆக, ‘மாத்திரை என்றாலே கல்லீரல் போச்சு’ என்று பயப்படுவதும் தவறு, ‘எந்த மாத்திரையானாலும் ஒன்றுதான்’ என்று நினைப்பதும் தவறு.

ஊசியும் ஒரே சரக்கு இல்லை. சிபியோனேட் 200 மில்லிகிராமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் முதல் சில நாள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு உச்சத்துக்கு ஏறும், இரண்டாவது வாரக் கடைசியில் இறங்கிவிடும். உற்சாகமும் மனநிலையும் அதோடு சேர்ந்து ஆடுவதாகச் சிலர் சொல்வார்கள். அதனால்தான் பல மருத்துவர்கள் டோஸைப் பாதியாக்கி வாராவாரம் போடச் சொல்கிறார்கள். 2018இல் அனுமதி பெற்ற ஸையோஸ்டெட் தோலுக்கு அடியில் தானே போட்டுக்கொள்ளும் வாராந்திர ஊசி. அன்டிகனோயேட்டையே ஊசியாகத் தரும் அவீட் வேறு ரகம். 750 மில்லிகிராம், முதல் இரண்டு டோஸுக்கு நடுவே நான்கு வாரம், அப்புறம் பத்து வாரத்துக்கு ஒருமுறை. எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுத்திணறலும் வரும் அபாயம் அரிதாக உண்டு என்பதால், போட்ட பிறகு 30 நிமிடம் மருத்துவமனையிலேயே உட்கார வைக்கிறார்கள். இதையும் வீட்டில் போடும் ஊசியையும் ‘ஊசிப் பங்கு’ என்று ஒரே வரியில் கூட்டினால், அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைந்துவிடும்.

டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் நடக்கும் தவறு சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது. சிபியோனேட், எனந்தேட் போடுபவர்களுக்கு இரண்டு ஊசிகளுக்கு நடுவில் பார்க்க வேண்டும். அன்டிகனோயேட் ஊசிக்கு அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு. ஜடென்ஸோவுக்குக் காலை டோஸ் எடுத்து ஆறு மணி நேரம் கழித்து. கேப்சூல் எடுப்பவர் காலையில் டோஸுக்கு முன்பே இரத்தம் கொடுத்துவிட்டால் அளவு குறைவாகத் தெரியும், தேவையில்லாமல் டோஸ் ஏறும். இரண்டு வகை மருந்துகளின் அளவுகளை நேரம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இது சிறந்தது’ என்று சொல்வதும் இதே தவறுதான்.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது டிராவர்ஸ் ஆய்வைக் காட்டாதவர் இல்லை. 2023இல் வெளியானது, 5,000 பேருக்கு மேல் பங்கேற்றது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் போலி மருந்தைவிடக் கூடவில்லை என்று காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அதில் கொடுத்தது தோலில் தடவும் ஜெல். ஊசியும் இல்லை, கேப்சூலும் இல்லை. அதிலும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டியும் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. இரத்த அழுத்தம் கூடுவது மாத்திரைக்கு மட்டுமான பிரச்சினை என்பதும் சரியல்ல. ஸையோஸ்டெட் ஊசியும் அந்த எச்சரிக்கையோடுதான் வந்தது. 2025இல் எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளுக்கும் அதைச் சேர்க்கச் சொன்னது எஃப்டிஏ. இரத்தம் கெட்டியாவது ஊசியில்தான் அதிகம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும்.

சந்தையின் அளவைக் கணக்கிடும்போது, வயதாகி டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்த எல்லா ஆண்களையும் வாடிக்கையாளராக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. வயது மட்டுமே காரணமான குறைவுக்கு இந்த மருந்துகளின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று 2015இலேயே எஃப்டிஏ எழுதச் சொல்லிவிட்டது. அறிகுறிகளும் இருக்க வேண்டும், தனித்தனி நாட்களில் இரண்டு காலைப் பரிசோதனைகளிலும் அளவு குறைந்திருக்க வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், ஊசியோ மாத்திரையோ, மூளை விந்தகத்துக்கு அனுப்பும் ஹார்மோன்களைக் குறைத்துவிடும், விந்தணு உற்பத்தி சரியும். இதைத் தெரியாமல் தொடங்கிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். இவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் உடம்பே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் ஹெச்சிஜி ஊசியோ குளோமிஃபீன் மாத்திரையோ தருகிறார்கள். இரண்டிலும் டெஸ்டோஸ்டிரோன் கிடையாது. அவற்றின் விற்பனையையும் சேர்த்து எண்ணினால் ஊசிப் பக்கமும் மாத்திரைப் பக்கமும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.