காட்டுக் காளான் பறிக்கப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியவை

முதல் வருடம் ஒரே ஒரு வகையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பத்து வகையை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஆரம்பத்தில் விஷயம் தெரிந்த ஒருவரோடு போங்கள். அந்தக் காட்டில் பறிக்க அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பருவம் பாருங்கள். நல்ல மழை பெய்து சில நாள் கழித்துக் கிளம்பலாம். குளிர்ந்த காடுகளில் வசந்தத்தில் மோரல் வரும்; தேன்கூடு போன்ற தலையுள்ள காளான் அது. கோடை முதல் இலையுதிர்காலம் வரை மஞ்சள் புனல் போன்ற சாந்தரெல், தடித்த தண்டுள்ள போர்சினி. இவை இரண்டும் உயிருள்ள மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்பவை. அதனால் ஓக், பைன் போன்ற மரங்களை அடையாளம் காணப் பழகுங்கள். பனிக்காலத்திலும் பட்ட மரத்தில் சிப்பிக்காளான் கிடைக்கும். வெப்பமான நிலங்களில் மழைக்காலத்தில் கறையான் புற்றில் புற்றுக்காளான் முளைக்கும்.

2. அறுக்காதீர்கள், தோண்டுங்கள். தெரியாத காளானைத் தண்டில் அறுத்தால், பார்க்க வேண்டிய பகுதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். உலகில் மிக அதிகம் பேரைக் கொன்ற 'டெத் கேப்' காளானுக்குப் பச்சை கலந்த குடை, அதன் அடியில் வெள்ளைத் தகடுகள், தண்டில் பாவாடை போல ஒரு வளையம். அடியில், உடைந்த முட்டை ஓட்டுக்குள் நிற்பதுபோல ஒரு வெள்ளைப் பை. அந்தப் பையைக் கண்டால் கூடையில் போடவே வேண்டாம்.

3. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். மோரலின் உள்ளே நுனியிலிருந்து அடிவரை ஒன்றுமில்லாமல் வெற்றாக இருக்கும். அதைப் போலவே தோன்றும் விஷக் காளானான பொய் மோரலின் உள்ளே பஞ்சும் அறைகளுமாக இருக்கும். உருண்டைக் காளான் என்று நினைத்ததற்குள் குட்டிக் குடையின் உருவம் தெரிந்தால், அது டெத் கேப் இனத்தின் குஞ்சாக இருக்கலாம்.

4. வித்துத்தடம் எடுங்கள்; குடையிலிருந்து உதிரும் வித்துத் தூள் தாளில் பதிவதுதான் அது. பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால் தகடுகளின் வரிகள் மெல்லிய தூளாகப் படிந்திருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது தாளைக் கீழே வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. டெத் கேப்பின் தூள் வெள்ளை. நல்ல காளான் பலவற்றுக்கும் வெள்ளைதான். எனவே இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

5. வீட்டு நம்பிக்கைகளைக் கைவிடுங்கள். விஷக் காளானோடு வேகவைத்தால் பூண்டு கறுக்கும், வெள்ளிக் கரண்டி நிறம் மாறும், பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பதெல்லாம் பொய். டெத் கேப்பின் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது.

6. சரி, சமைக்கலாம். நன்றாக வேகவைத்து முதலில் கொஞ்சமே சாப்பிடுங்கள். மோரலைப் பச்சையாகத் தின்னவே கூடாது. சமைக்காத ஒன்றிரண்டைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். டெத் கேப் தின்றவருக்கு 6 மணி நேரத்துக்கு அப்புறம்தான் வாந்தி, பேதி தொடங்கும். பிறகு குணமானதுபோல் தெரியும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். சந்தேகம் வந்த உடனே அந்தக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.