பார்வையற்றவர்கள் ஓட்ட எந்தப் பாய்மரப் படகு சரிப்படும்?

மதுரையில் இருந்துகொண்டு பாய்மரப் படகா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரைக்குப் போய்விடலாம். படகை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், முதலில் மணலில் நிற்கும்போதே ஏறி உட்கார்ந்து, முழுக்கத் தடவிப் பார்க்க விடச் சொல்லுங்கள். விடமாட்டேன் என்றால் வேறு படகு பாருங்கள்.

முதலில் பூம். பாயின் அடியில் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை அது, திசை திருப்பும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். பார்வை உள்ளவர்களே அதில் அடி வாங்குகிறார்கள். உட்கார்ந்த நிலையில் கையை மேலே நீட்டி, தலைக்கும் கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பாருங்கள். ஹான்சா 303 என்கிற சின்னப் படகு இதில் நல்லது: 3.03 மீட்டர் நீளம், இருவர் முன்னோக்கிப் பக்கத்தில் பக்கத்தில் தாழ்வாக உட்காரலாம், திருப்பும்போது இடம் மாற வேண்டியதே இல்லை, காற்று கூடினால் பாயைப் பாய்மரத்திலேயே சுற்றிச் சின்னதாக்கிவிடலாம். தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கனமான அடிப்பலகை இருப்பதால் எளிதில் கவிழாது. ஒரு குறை, அதை ஓட்டுவது ஜாய்ஸ்டிக்கால், அதாவது நடுவில் நிற்கும் சின்னக் குச்சியால். டில்லரில், அதாவது சுக்கானோடு சேர்ந்த கைப்பிடிக் கட்டையில், தண்ணீரின் அழுத்தம் நேராகக் கைக்கு வரும், காற்று ஏறுவதும் இறங்குவதும் அதிலேயே தெரியும், கண் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். சக்கரத்தைச் சுற்றித் திருப்புகிற படகு என்றால் என் கணக்கில் கடைசி.

நாலு பேர் சேர்ந்து போட்டி மாதிரி ஓட்ட ஆசை என்றால் சோனார் என்கிற படகு. 23 அடி, அகலமான உள்பகுதி, 2000 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் ஓடியது. ஆனால் அதன் கீல், அதாவது அடியில் பொருத்திய கனமான துடுப்பு மாதிரிப் பகுதி, ஒரு மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே இறங்கும், மடக்க முடியாது. ஆழம் குறைந்த நம் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் மணலிலிருந்து தள்ளி இறக்குவதற்கு அது ஆகாது, படகு அணையும் ஜெட்டி (படகுத்துறை) வேண்டும். அடிப்பலகையைத் தூக்கிக்கொள்ள முடிகிற படகுதான் இங்கே தோது. லேசர் மாதிரி ஒற்றை ஆள் படகு வேகம்தான், சட்டென்று கவிழும், ஆரம்பத்துக்கு வேண்டாம்.

அப்புறம் கயிறுகள். எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் குழப்பம், பெரிய பாய்க்கு ஒரு தடிமன், முன்பாய்க்கு வேறு, இல்லையென்றால் முனையில் முடிச்சு போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எப்போதும் ஒரே இடத்தில்தான் கிடக்க வேண்டும், அடுத்த ஆள் நகர்த்தி வைக்காத மாதிரி. நடைபாதையில் கொக்கி, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட் எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. காற்று கன்னத்திலும் காதிலும் படுவதை வைத்துத்தான் திசை தெரியும், முன்பாய் படபடக்கிற சத்தம் ரொம்ப உதவும். அதனால் எப்போதும் இன்ஜின் ஓட்டிக்கொண்டே கூட்டிப்போகிற படகு வீண்.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு வேறு தொல்லை. வெள்ளை ஃபைபர் தளம் நடுப்பகலில் கண்ணைக் கூசவைத்து, இருக்கிற பார்வையையும் மறைக்கும். மங்கலான நிறத்தில் வழுக்காத விரிப்பு போட்டு, விளிம்புகளில் பளிச்சென்ற டேப் ஒட்டச் சொல்லுங்கள், எந்த நிறம் என்பதை ஓட்டப்போகிறவரையே வெயிலில் நிறுத்திக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.