பழைய துவக்கின் மரக்கட்டையைப் புதுப்பித்தல்

வட இலங்கையின் வன்னியில் அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கப்படும் பழைய துவக்குகளில் பல, வயலில் இறங்கும் பன்றியை விரட்டுவதற்கென்று இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னர் வாங்கப்பட்ட ‘பன்னிரண்டு போர்’ (12 bore) என்னும் குழல் அளவுள்ள தோட்டாத் துவக்குகளாகும். போரையும் இடப்பெயர்வுகளையும் கடந்து அவற்றுள் மிஞ்சியவை சிலவே. அப்படி மிஞ்சிய ஒன்றின் குழலும் பூட்டும் (சுடும் பொறி அடங்கிய இரும்புப் பகுதி) நல்ல நிலையில் இருந்தாலும், அதன் கட்டை கறுத்து, பிசுபிசுத்து, கழுத்துப் பகுதியில் வெடிப்பு விட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். காயாத எண்ணெய் பல காலமாக மரத்துக்குள் இறங்கியதும், காப்புப் பூச்சு இல்லாத இடங்களால் மாரி ஈரம் புகுந்ததுமே இக்கேடுகளில் பெரும்பகுதிக்குக் காரணம். ஆகவே காயாத எண்ணெயை வெளியே எடுப்பதும், காயும் எண்ணெயை உள்ளே விடுவதுமே இவ்வேலையின் சாரம். மினுக்கத்தைப் பற்றிக் கடைசியில் கவலைப்பட்டால் போதும்.

தொடங்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் ஆளுக்கும் துவக்குக்கும் உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. எனவே துவக்கை முழுதாகத் தச்சரிடம் கொண்டுபோய் ஒரு மாதம் விட்டுவைப்பது கூடாத செயல். கட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு, குழலையும் பூட்டையும் அனுமதிப்பத்திரம் பெற்றவர் தம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டால், மீதி வேலை வெறும் மரவேலையாகிவிடும். கட்டையிலோ தகட்டிலோ பொறிக்கப்பட்ட இலக்கமும் முத்திரையும் இருந்தால் அவற்றின்மீது அரத்தாளைக் கொண்டுபோகவே கூடாது.

காலத்தையும் பார்த்துத் தொடங்க வேண்டும். எண்ணெய் காய்வதற்கு உலர்ந்த காற்று வேண்டும். ஐப்பசி முதல் தை வரையில் மரம் தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்போது பூசும் எண்ணெய் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரையான வறண்ட மாதங்களே ஏற்றவை. மாரியோடு தொடங்கும் காலபோக நெல் விதைப்புக்கு முன்னர் வேலை முடிந்துவிட்டால், கதிர் முற்றிப் பன்றி வரும் நேரத்தில் கட்டை நன்றாக இறுகியிருக்கும். ஆனால் அதே மாதங்களில் சோளகக் காற்று வாரியிறைக்கும் செம்மண் தூசு ஈர எண்ணெயில் ஒட்டினால் மீண்டும் தேய்க்க வேண்டிவரும். தேய்ப்பு வேலையை மரநிழலிலும், எண்ணெய் பூசும் வேலையை யன்னல் சாத்திய அறையிலும் வைத்துக்கொள்வது நல்லது.

துவக்கை மடித்துத் திறந்து, இரு குழல்களும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின்னரே கழற்றத் தொடங்க வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். முன்கட்டை கையாலேயே கழன்றுவிடும். தோள்கட்டை இரண்டு வகையாகப் பூட்டப்பட்டிருக்கும். பல ஒற்றைக்குழல் துவக்குகளில், தோளில் பதியும் முனையிலுள்ள அடித்தகட்டின் இரு திருகாணிகளையும் கழற்றினால் கட்டையின் நடுவே ஓர் ஆழமான துளை தெரியும். அதன் அடியில் உள்ள நீண்ட போல்ட்டை நீளமான ஸ்குரூ டிரைவரால் கழற்ற வேண்டும். பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல்களில் பூட்டிலிருந்து பின்னோக்கி மரத்தில் நீளும் இரும்பு நாக்குகளான மேல்வாலிலும் கீழ்வாலிலும் உள்ள திருகாணிகளே கட்டையைப் பிடித்திருக்கும். ஸ்குரூ டிரைவரின் அலகு திருகாணியின் வெட்டை முழுதாக நிரப்பாவிட்டால் வெட்டுச் சிதைந்துவிடும். அலகை அரத்தால் உரசிப் பொருத்தமாக்கிக்கொள்ளுங்கள். இறுகிய திருகாணிக்குத் துரு நீக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு ஓரிரவு காத்திருங்கள். கழற்றிய திருகாணிகளை ஓர் அட்டையில் துவக்கின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் எதுவும் மாறிப்போகாது.

அடுத்ததாக மரத்தை இனங்காண வேண்டும். இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த துவக்குகளின் கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். கபில நிறம், கறுப்பு ஓட்டங்கள், கண்ணுக்குத் தெரியும் நுண்துளைகள். உள்ளூரில் மாற்றப்பட்ட கட்டைகள் முதிரை, தேக்கு, யாவறணை என்று பலவாக இருக்கும். முதிரை பொன்மஞ்சள் நிறமும் அலையலையான மினுக்கமும் கொண்டது. வால்நட்டைவிட மிகக் கனமானது. அதன் தூள் பலருக்குத் தோலில் எரிவையும் சொறியையும் உண்டாக்கும் என்பது தச்சுவேலை செய்பவர்கள் அறிந்த விடயம். அதைத் தேய்க்கும்போது முகக்கவசமும் நீண்ட கைச்சட்டையும் அவசியம்.

பழைய பூச்சு எதுவென்று அறிய, அடித்தகட்டுக்குக் கீழே மறைந்திருந்த இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்து ஒற்றிப் பாருங்கள். பூச்சு இளகினால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட்டும் துணியுமே அதை நீக்கப் போதும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ பூசிய வார்னிஷ். அதற்குப் பெயின்ற் நீக்கும் களி வேண்டும். களியைப் பூசிக் காத்திருந்து, விளிம்பு மழுக்கிய மரச்சீவலால் வழித்தெடுங்கள். கோஸ்டிக் சோடாக் கரைசலில் கட்டையை ஊறவைக்கும் குறுக்குவழி சிலரிடம் உண்டு. அது வால்நட்டைக் கரியாகக் கறுப்பாக்கி, நாரையும் எழுப்பிவிடும் என்பதால் அதை முற்றாகத் தவிர்க்கவேண்டும். பிடியில் கட்டம் கட்டமாகக் கீறப்பட்ட பகுதியைப் பழைய பல்துலக்கியால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். அரத்தாள் பட்டால் அந்தக் கூர்கள் மழுங்கிவிடும்.

பூட்டுக்குப் பின்னால் உள்ள கழுத்துப் பகுதியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. துவக்கைக் குழல் மேல்நோக்க மூலையில் சாத்தி வைப்பது எங்கும் உள்ள வழக்கம். குழலுக்கும் பூட்டுக்கும் விட்ட எண்ணெயெல்லாம் ஆண்டுக்கணக்கில் வழிந்து கட்டையின் தலைப்பகுதியில் இறங்கி, அந்த இடத்தைக் கறுப்பாகவும் மென்மையாகவும் ஆக்கிவிடும். இப்படி எண்ணெய் குடித்த மரத்தில் பசையும் பிடிக்காது, புதிய எண்ணெயும் காயாது. இதை எடுக்க, வெண்கட்டித் தூளை அசற்றோனில் குழைத்துக் கறுத்த இடத்தில் தடிப்பாக அப்பிவிடுங்கள். அசற்றோன் உள்ளே போய் எண்ணெயை இளக்கும்; அது ஆவியாகும்போது எண்ணெயைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த தூளைத் தட்டிவிட்டால் அது மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறியிருப்பதைக் காணலாம். தூள் வெள்ளையாகவே உதிரும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மோசமான கட்டைக்கு ஒரு கிழமையும் ஆகலாம். வெண்கட்டிக்குப் பதிலாக வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது. அதன் காரம் வால்நட்டின் நிறத்தைக் கெடுத்துவிடும். அசற்றோன் மிக எளிதில் தீப்பற்றுவது என்பதால் அடுப்பங்கரைக்கு அருகில் இந்த வேலை வேண்டாம். இடையிடையே கட்டையைச் சற்று நேரம் வெயிலில் பிடித்தால், சூட்டுக்கு எண்ணெய் வியர்த்து மேலே வரும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே நிழலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வைகாசி வெயிலில் மறந்துபோய் விட்ட கட்டை வெடிக்கும்.

பள்ளங்கள் இரண்டு வகை. அடிபட்டு நசுங்கிய இடத்தில் மரநார் அறுபடாமல் மடங்கியே இருக்கும். அதனை ஆவியால் எழுப்பலாம். நான்காக மடித்த ஈரப் பருத்தித் துணியைப் பள்ளத்தின்மேல் வைத்து, சூடான ஸ்திரிக்கைப்பெட்டியின் முனையால் சில விநாடிகள் அழுத்த, எழும் ஆவி நாரை வீங்கச் செய்து பழைய மட்டத்துக்குக் கொண்டுவரும். கத்தி வெட்டிலோ கல் கீறலிலோ நார் அறுந்திருப்பதால் ஆவி அங்கே உதவாது. அத்தகைய காயம் ஆழமற்றதாயின் அப்படியே விட்டுவிடுவதே என் விருப்பம். மூன்று தலைமுறை வரம்பிலும் பரணிலும் கிடந்த ஒரு பொருள் கடையிலிருந்து இன்று வந்ததுபோல் இருக்க வேண்டியதில்லை. ஒரு கீறலை மறைப்பதற்காகச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் தேய்த்துப் பள்ளமாக்குவது பெரிய இழப்பு.

வெடிப்பு அப்படியல்ல, அதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. பூட்டின் மேல்வாலுக்கு நேர் பின்னால் தொடங்கும் மயிர்க்கோட்டு வெடிப்பு, சுடும்போது இரும்பு பின்னோக்கி உதைத்து மரத்தை ஆப்புப்போலப் பிளப்பதால் வருவது. எங்கள் பக்கத்தில் இதற்குச் செப்புக் கம்பி சுற்றுவதும் தகரம் அடிப்பதும் வழக்கமாக இருந்தன. இவை வெடிப்பை மறைத்தனவேயன்றி நிறுத்தவில்லை. கம்பிக்குள் நின்ற ஈரம் மரத்தை மேலும் உக்கச் செய்தது. கம்பியை அகற்றி, மேற்சொன்ன முறையில் எண்ணெயை எடுத்து, வெடிப்பை மெல்ல விரித்து, மெதுவாக இறுகும் வகை எப்பொக்சிப் பசையை நூலால் இழுத்து இழுத்து அடிவரைக்கும் செலுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அடிவரை போகுமுன்னரே கட்டிவிடும். பின்னர் சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, கழுத்தை இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, ஒரு முழுநாள் அசையாமல் விடவேண்டும். பசை இறுகியபின், வால் முடியும் இடத்தில் மரத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒரு தடித்த கடதாசி நுழையும் அளவு இடைவெளி இருக்கும்படி மரத்தைச் சிறிது சுரண்டிவிட வேண்டும். இது செய்யப்படாவிட்டால் அதே வெடிப்பு மறுபடி வரும். கழுத்தைக் குறுக்கே அறுத்த வெடிப்பையோ, அழுத்தினால் அசையும் வெடிப்பையோ பசையால் நம்பக்கூடாது. அதற்குப் புதிய கட்டைதான் வழி. பழைய வீட்டுக் கதவுநிலைகளிலும் உத்தரங்களிலும் பல பத்தாண்டுகள் காய்ந்த முதிரையோ தேக்கோ கிடைக்கும். காட்டில் புதிதாக மரம் தேடப் போனால் அனுமதியும் வேண்டும், மரம் காயப் பல மாதங்களும் வேண்டும்.

தேய்ப்புக்கு 180, 240, 320 இலக்க அரத்தாள்கள் போதும். மிக முரடான மேற்பரப்புக்கு மட்டும் 120. தாளை ஒரு சிறிய மரத்துண்டில் சுற்றி, நாரோட்டத்தின் வழியே மட்டும் தேய்க்கவேண்டும். இரும்பைச் சந்திக்கும் விளிம்புகளில் ஏறத்தாழத் தேய்க்கவே வேண்டாம். அங்கே ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் பூட்டின் விளிம்பு மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். புதியவர் செய்த வேலை என்பதை அந்த விளிம்பே காட்டிக் கொடுத்துவிடும். 320இல் முடித்தபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் மயிர் மயிராக எழும்பும். அதனை அதே தாளால் மெல்ல வருடி எடுத்துவிட்டு மறுபடி நனைக்கவேண்டும். எழும்ப ஒன்றும் இல்லாதபோது மரம் எண்ணெய்க்குத் தயார்.

எந்த எண்ணெய் என்பதில்தான் நம்மிடையே தவறான பழக்கம் வேரூன்றியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்த கட்டை அன்று மாலை அழகாக இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய்கள் அல்ல. மரத்துக்குள் திரவமாகவே இருந்து, தூசைப் பிடித்து, சிக்கு மணம் வைத்து, எறும்பையும் அழைக்கும். நல்லெண்ணெயும் இதற்குப் போதிய அளவு இறுகாது. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து திண்மமாக மாறுபவை. இரும்புக் கடைகளில் ஆளிவிதை எண்ணெயை லின்சீட் ஒயில் என்று கேட்டு வாங்கும்போது, காய்ச்சிய வகைதானா என்பதைப் பார்த்து வாங்குங்கள். பச்சை எண்ணெய் காய்வதற்குக் கிழமைக்கணக்கில் ஆகும், காய்ச்சியது என்று விற்கப்படுவதில் விரைவாகக் காயவைக்கும் சேர்மானம் உண்டு.

முதற்பூச்சுக்கு எண்ணெயையும் டர்பன்டைனையும் சரிபாதியாகக் கலந்து, மரம் குடிக்கும் அளவுக்குக் குடிக்கவிட்டு, கால்மணி நேரத்தின் பின் மேலே நிற்பதையெல்லாம் துடைத்துவிட வேண்டும். கட்டையின் அடிமுகம், முன்கட்டையின் உட்புறம், பூட்டு அமரும் குழி ஆகியவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் விடுபட்டுப்போகும். மாரி ஈரம் முதலில் நுழைவது அந்த வெட்டுமுகங்களால்தான் என்பதால் அவற்றுக்கு இருமடங்கு கவனம் கொடுங்கள். இரண்டாவது பூச்சிலிருந்து கலப்பில்லாத எண்ணெய், அதுவும் விரல்நுனியில் சில துளிகள் மட்டும். உள்ளங்கையால் சூடு பிறக்கும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து, குறைந்தது ஒரு முழுநாள் காயவிட்டு அடுத்ததைப் பூசவேண்டும். தடிப்பாகப் பூசினால் மேலே ஆடை படிந்து அடியில் பிசினாகவே நிற்கும். அப்படி நேர்ந்தால் டர்பன்டைன் துணியால் துடைத்தெடுத்து அந்தப் பூச்சைத் திரும்பத் தொடங்குவதைத் தவிர வழியில்லை. வால்நட்டின் நுண்துளைகளை நிரப்ப விரும்பினால், மூன்றாம் பூச்சை ஈரமாக இருக்கும்போதே 320 இலக்க நீர்த்தாளால் மெல்லத் தேய்த்து, எழும் சேற்றைத் துளைகளுக்குள் குறுக்காக வழித்துவிட்டுக் காயவிடலாம். நெருக்கமான நாருள்ள முதிரைக்கு இது தேவைப்படாது. ஆறு முதல் எட்டுப் பூச்சுகளில் கட்டை உள்ளிருந்து ஒளிர்வதுபோன்ற மங்கிய மினுக்கத்தைப் பெற்றுவிடும்.

ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் எறிவது ஆபத்தானது. எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கும்; கசங்கிய துணிக்குள் அது வெளியேற வழியின்றிச் சேர்ந்து, நெருப்பு வைக்காமலே தீப்பற்றக்கூடும். கிடுகுக் கூரையுள்ள கொட்டிலில் இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. பயன்படுத்திய துணியைத் திறந்த வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகரப் பேணியில் அமிழ்த்தி வையுங்கள்.

கடைசிப் பூச்சு இறுக இரண்டு கிழமை கொடுத்தபின் மெழுகு பூசலாம். காட்டுத்தேன் பிழிந்தெடுத்த அடைகளை உருக்கி வடித்தால் வரும் தேன்மெழுகே இதற்கு நன்று. மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு பேணியில் உருக்கி, நெருப்பிலிருந்து அகற்றிய பின்னரே டர்பன்டைன் சேர்த்துக் களியாக்கி, மிகச் சிறிதளவு பூசிப் பருத்தித் துணியால் தேய்த்து முடியுங்கள். பிடிக்கும் இடத்தில் மெழுகு அதிகமானால் வியர்த்த கைக்கு வழுக்கும்.

கட்டையைத் திரும்பப் பொருத்தும்போது இரும்பிலுள்ள பழைய எண்ணெயை முழுவதும் துடைத்துவிட்டு, திருகாணிகளைப் பழைய வெட்டுகள் நிற்கும் நிலைக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் மரம் நசுங்கும். மாரி தொடங்கியதும் மரம் சிறிது வீங்கும், கோடையில் ஒடுங்கும் என்பதால் ஆண்டுக்கு இருமுறை அவற்றின் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டுக்கு எண்ணெய் விட்ட அன்று துவக்கைக் குழல் கீழ்நோக்க, துணியொன்றின்மேல் ஓரிரவு நிறுத்தி, வழிவது வழிந்தபின் பெட்டியில் படுக்கவைத்துப் பூட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட காலத்தில், ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சுத் தேய்த்தால் போதும். முதலில் டர்பன்டைன் துணியால் மெழுகைத் துடைத்தெடுத்துவிட்டே அதைப் பூசவேண்டும்.