பட்டாலைத் தரையில் பேரண்டம் விரிவதைக் காட்டும் முறை

பேரண்டத்தின் தொடக்கத்தைச் சொல்லும் பெருவெடிப்பு என்றதும் பிள்ளைகள் மனத்தில் வருவது வெடிதான்: எங்கோ ஓரிடத்தில் வெடித்து, சுற்றியிருந்த வெற்றிடத்தில் எல்லாம் சிதறிப் போனதாக. அறிவியல் சொல்வது அதுவன்று. இடமே விரிகிறது என்பதுதான். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இதைப் பட்டாலையிலேயே, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செய்து காட்டலாம்.

தையல் சாமான் கடையில் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எலாஸ்டிக் நாடா வாங்கி, 10 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு சட்டைப் பொத்தான்களைத் தைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரு விண்மீன் திரள், அதாவது நம் பால்வழியைப் போலக் கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம். மைப்புள்ளி வைக்க வேண்டாம். நாடாவை இழுக்கும்போது புள்ளியும் நீளும், ஆனால் விண்மீன் திரள் தன் ஈர்ப்பினால் கட்டுண்டிருப்பதால் விரிவதில்லை. நாடாவைத் தளர்வாகக் கிடத்தி, பொத்தான்களுக்கு நேரே பல்லாங்குழிச் சோழிகளை வையுங்கள். முதல் பொத்தானை ஒரு பிள்ளை விரலால் அழுத்திக்கொள்ள, நீளம் இருமடங்காகும்வரை மறுமுனையை மெல்ல இழுங்கள். இரண்டாம் பொத்தான் தன் சோழியை விட்டு 10 செ.மீ. நகர்ந்திருக்கும், கடைசிப் பொத்தானோ அதே நேரத்தில் 50 செ.மீ. நகர்ந்திருக்கும். தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்று வானியல் அறிஞர்களான லெமெய்த்தர் 1927இலும் ஹப்பிள் 1929இலும் எழுதிய விதி இதுவே.

இத்துடன் நிறுத்தினால் பிழையாகிவிடும். நான் ஒருமுறை அப்படி நிறுத்தியபோது, "அப்ப ஐயா, என் விரலுக்கு அடியிலதான் வெடிச்சுதா?" என்று பேரன் கேட்டான். ஆகவே விரலை மூன்றாம் பொத்தானுக்கு மாற்றி, இருபுறமும் இழுத்துக் காட்டுங்கள். எந்தப் பொத்தானில் இருந்து பார்த்தாலும் மற்றவை தன்னை விட்டு விலகுவதாகவே தெரியும்; மையம் என்று தனியிடம் கிடையாது. நாடாவுக்கு இரண்டு முனைகள் உண்டு, பேரண்டத்துக்கு அப்படியொரு விளிம்பு காணப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு நாடாவைத் தளர்த்துங்கள். ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிப் போனால், எல்லாம் நெருங்கி, கடுஞ்சூடாக இருந்த நிலை வரும். அந்தச் சூட்டின் மிச்சம் இன்றும் இருக்கிறது. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இரு அறிவியலாளர்கள் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலைக் கேட்டு, உள்ளே கிடந்த புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை, வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வந்தது. அந்த இரைச்சல்தான் சூட்டின் மிச்சம்: பேரண்டத்துக்கு ஏறத்தாழ 3,80,000 வயதானபோது புறப்பட்ட ஒளி, வழியெல்லாம் நீண்டு நீண்டு, மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து வந்து சேர்ந்திருந்தது.

அதற்கும் முன்னால் என்ன என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நிறுவப்பட்ட விடை இன்னும் இல்லை என்று அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.