வட்ட ஆர்.என்.ஏ.: தட்டைத் தனியாக வைக்க வேண்டாம், டெஸ்டுக்கு ஓடவும் வேண்டாம்

‘நுரையீரல் புற்று செல்கள் நல்ல செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் சில வீடுகளில் நோயாளியின் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விடும். முதல் தவறே இதுதான். அந்தச் செய்திப் போக்குவரத்து முழுக்க ஒரே உடம்புக்குள் நடப்பது. நுரையீரல் புற்றுநோய் இருமலாலும் ஒட்டாது, எச்சில் தட்டாலும் ஒட்டாது. நெஞ்சு நோய் என்றாலே இந்தப் பக்கம் டி.பி. ஞாபகம்தான் முதலில் வரும், பயம் அங்கிருந்து வருகிறது. டி.பி. காற்றில் பரவுவது உண்மை. ஆனால் அதுவும் தட்டு வழியாகப் பரவுவதில்லை.

சரி, அனுப்பப்படுவது என்ன? அதில் ஒன்றுதான் வட்ட ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வைப் பார்த்து செல் எடுத்துக்கொள்ளும் நகல். சாதாரண ஆர்.என்.ஏ. இழைக்கு இரண்டு முனைகள் உண்டு. அதை அரிக்கும் நொதிகளில் பல முனையிலிருந்துதான் ஆரம்பிக்கும். சில இழைகளில் வால் பகுதி திரும்பி வந்து தலைப் பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது. முனையே இல்லாததால் அந்த வட்டம் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். 1979இலேயே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டார்கள். செல் செய்த பிழை என்று பல வருஷம் ஒதுக்கி வைத்திருந்து, 2013 வாக்கில்தான் மதிப்புக் கொடுத்தார்கள். செல்கள் வெளியே தள்ளும் எக்ஸோசோம் என்ற பைகளில் இந்த வட்டங்களும் ஏறிக்கொள்கின்றன. பையின் அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர்.

அடுத்த தவறு, எல்லா வட்டத்துக்கும் ஒரே வேலை என்று நினைப்பது. சி.டி.ஆர்.1.ஏ.எஸ். என்ற வட்டத்தில் மிர்-7 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.) ஒட்டிக்கொள்ள 70க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அது மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றால் நம்பலாம். ஒரே ஒரு இடம் இருக்கும் வட்டம், அதுவும் செல்லில் நாலைந்து பிரதிகள்தான் இருக்கும் வட்டம், ஆயிரக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை எப்படி அடக்கும்? கட்டுரைக்குக் கட்டுரை இதே கதையை எழுதுகிறார்கள். எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

செய்தி வாங்கிய நல்ல செல் உடனே புற்றாகிவிடும் என்பதும் தப்பு. சர்க்-எஸ்.ஏ.டி.பி.2 என்ற வட்டத்தை ஏந்திய எக்ஸோசோம்கள், சாதாரண மூச்சுக்குழாய் செல்களை அளவுக்கு மீறிப் பெருகவைத்ததாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் பெருகுவது வேறு, நுரையீரலில் கட்டி முளைப்பது வேறு. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2021இல் வந்த சர்க்-யு.எஸ்.பி.7 ஆய்வு. புற்று அனுப்பிய அந்த வட்டம் புற்று செல்லைக் கொல்லும் சி.டி.8 டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களைச் சோர்ந்துபோகச் செய்கிறது, அந்த செல்களின் பிரேக்கை விடுவிக்கும் பி.டி.-1 தடுப்பு மருந்துக்கும் பலன் குறைகிறது என்றது அது. அதாவது, புற்று பக்கத்து செல்லைத் தன்னைப் போலவே மாற்ற வேண்டும் என்றில்லை, காவலுக்கு நிற்பவனைத் தூங்கவைத்தாலே அதற்குப் போதும். இது ஒருவழிப் பாதையும் அல்ல. கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசு செல்களும் புற்றுக்குப் பைகளை அனுப்புகின்றன.

ஆராய்ச்சி செய்பவர்களே அதிகம் வழுக்குவது, அனுப்பியது யார் என்ற கேள்வியில். ரத்தத்தில் ஒரு வட்டம் கூடுதலாகத் தெரிந்தால் ‘கட்டியிலிருந்து வந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். கேப்டன் காட்டன் கால்வாயில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, இது இன்ன தெருச் சாக்கடை என்று சொல்ல முடியுமா? ரத்தத்திலுள்ள பைகளில் பெரும்பங்கு ரத்த அணுக்களுடையது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களில் வட்ட ஆர்.என்.ஏ. நிறைய. ரத்தத்தை உறையவிட்டு, தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்தால், உறையும்போதே தட்டணுக்கள் தங்கள் பைகளைக் கொட்டிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் வாங்கி, தாமதிக்காமல் சென்ட்ரிஃபியூஜில் இரண்டு முறை சுழற்றித் தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாதான் மேல். அது இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம், அந்த மாதிரியைத் தள்ளிவையுங்கள்.

ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு இன்னும் இரண்டு. செல் வளர்க்க ஊற்றும் கன்றுக்குட்டிச் சீரத்தில் மாட்டின் எக்ஸோசோம்கள் மிதக்கும். அவற்றை நீக்கிய சீரம் வாங்காவிட்டால் யாருடைய பையை எண்ணுகிறோம் என்றே தெரியாது. அப்புறம், சாதாரண ஆர்.என்.ஏ. இழையின் முனையில் இருக்கும் பாலி-ஏ வாலைப் பிடித்து ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட் இங்கே உதவாது. வட்டத்துக்கு ஏது வால்?

இன்னொரு பக்கம், செல்களுக்கிடையே நடப்பதையெல்லாம் வட்டத்தின் கணக்கில் எழுதுவதும் கூடாது. மணலி, எண்ணூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வெளிக்காற்று மாசு புற்றுநோய் தரும் என்று 2013இலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. நுண்தூசி பட்டதும் மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தை விடுகின்றன, ஏற்கெனவே ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றத்தோடு சும்மா கிடந்த செல்களை அது கிளப்பிவிடுகிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. இதுவும் பக்கத்து செல் கொடுத்த செய்திதான், வட்டம் வழியாக அல்ல. பீடி தொடாதவருக்கு நுரையீரல் புற்று வராது என்று இனியாவது சொல்லாதீர்கள்.

கடைசியாகப் பணத்தைத் தின்னும் தவறு: ‘எக்ஸோசோம் டெஸ்ட்’ என்று யாராவது சொன்னால் எடுத்துவிடுவது. இன்று நுரையீரல் புற்றை உறுதிசெய்வது சி.டி. ஸ்கேனும் பயாப்சியும்தான். மருந்தை முடிவுசெய்ய, கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1 ஆகிய மரபணுக்களின் மாற்றம், பி.டி.-எல்1 புரதம் போன்றவற்றைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். பார்ப்பது கட்டியின் டி.என்.ஏ. துணுக்கைத் தேடும் சோதனை, எக்ஸோசோம் டெஸ்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை. சளியில் கிருமி இல்லை, ஆனாலும் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து டி.பி. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது, எடை இறங்குகிறது, சளியில் ரத்தம் வருகிறது என்றால், சி.டி. எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பயாப்சி எடுத்தபின் மருத்துவமனை மாறுகிறீர்களா? ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கையும் (எடுத்த திசுவை மெழுகில் பதித்த கட்டி) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மரபணுச் சோதனைக்கு அந்த மெழுகுக் கட்டிதான் வேண்டும்.