பெயர் கேட்காமல் எடுத்த படம்: ஆவண ஒளிப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1936 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து, விளைச்சல் பனியில் கருகிப்போனதால் பிழைப்பின்றித் தவித்த கூலித் தொழிலாளர்களின் முகாமில், ஒளிப்படக் கலைஞர் டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். இரு பிள்ளைகள் தாயின் தோள்களில் முகத்தைப் புதைத்திருக்க, மடியில் கைக்குழந்தை உறங்க, கன்னத்தருகே கைவைத்துத் தொலைவில் பார்வை பதித்திருக்கும் அந்தப் படம், 1930களில் அமெரிக்காவை வாட்டிய பொருளாதாரச் சரிவான பெருமந்தக் காலத்தின் முகமாகவே நிலைத்துவிட்டது. ஆனால் லாங்கே அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. படம் செய்தித்தாளில் வந்தபின் முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தபோது, அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது. அந்தத் தாய் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது 1978இல்தான். காரின் டயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங்கே எழுதிய குறிப்பைக் குடும்பத்தார் மறுத்தனர். பெயரும் ஊரும் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளாதது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. பெயரை வெளியிட்டால் அவருக்குத் தீங்கு நேருமெனில், அது நம் குறிப்பேட்டோடு இருக்கட்டும்.

அதே படத்தின் கீழ்மூலையில், கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது கண்ணை உறுத்துகிறதென்று லாங்கே பிறகு நெகட்டிவில் அதை மங்கச் செய்தார். ஒளியையும் நிழலையும் சற்றுச் சரிசெய்வது வேறு. இருந்ததை இல்லாமலாக்குவது வேறு. இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் அழித்துவிட முடிகிறது என்பதால் இந்த எல்லைக்கோட்டை இன்னும் கவனமாகக் காக்க வேண்டியிருக்கிறது.

துயரத்தை அழகாகக் காட்டுவதே பாவம் என்று நினைப்பதும் தவறுதான். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் 1986இல் ஒளிப்படக் கலைஞர் செபஸ்தியாவோ சல்காடோ எடுத்த படங்களில், உடலெங்கும் சேறு அப்பிய ஆட்கள் மண்மூட்டைகளைச் சுமந்து எறும்புச் சாரையாக ஏணிகளில் ஏறுகிறார்கள். இவ்வளவு அழகு தகுமா என்று அவரைப் பலர் கண்டித்தனர். ஏழையை அரைகுறையாகப் படமெடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதால், அந்தக் கண்டனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால், இடம்பெயர்ந்தோரைப் பற்றிய அவருடைய படங்களின் குறிப்புகளில் மனிதர்களுக்குப் பெயரில்லை என்று எழுத்தாளர் சூசன் சொன்டாக் சுட்டிய குறை மிகவும் நியாயமானது.

இயற்கையைப் படமெடுப்போரின் தவறுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விலங்கு வாய்திறந்து முறையிடாது. 2009இல் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற, வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம், அது காட்டில் திரிவதல்ல, மனிதரால் பழக்கப்பட்ட ஓநாய் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் அடுத்த ஆண்டு பரிசை இழந்தது.

அதைவிடக் கொடுமை நம் தோட்டங்களிலேயே நடக்கிறது. தையல்சிட்டு இலைகளை நாரால் தைத்துக் கூடு கட்டுவது, காக்கையின் கண்ணில் படாமலிருக்கவும்தான். படம் தெளிவாக விழவேண்டும் என்று சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டால், குஞ்சுகள் வெயிலில் வாடும். நாம் கிளம்பியபின் காக்கை வரும். ஆகவே கூட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், தொலைவில் நின்றே எடுக்க வேண்டும். அலகில் புழுவுடன் வந்த பறவை கூட்டுக்குள் நுழையாமல் பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டே இருந்தால், நாம் மிகவும் நெருங்கிவிட்டோம் என்று பொருள்; படம் கிடைக்காவிட்டாலும் அப்போதே பின்வாங்கிவிட வேண்டும்.