குபோலா உலை ஓட்டுவது எப்படி? பவுண்டரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு செய்முறை

குபோலா என்று இணையத்தில் தேடினால் கூரை மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் குவிமாடங்களின் படங்கள் வரும். அடுத்து, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2010-இல் பொருத்திய ஏழு ஜன்னல் கூண்டு வரும். பவுண்டரியில், அதாவது உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறையில், வேலைக்குச் சேர்ந்தவருக்கு இரண்டாலும் பயனில்லை. கோயம்புத்தூரிலோ ஹவுராவிலோ ராஜ்கோட்டிலோ பட்டறை ஆட்களுக்குக் குபோலா என்றால் ஒரே பொருள்தான்: கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுத்த கரி) எரித்து வார்ப்பிரும்பு உருக்கும் நெட்டை உலை. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

இப்போது பல பவுண்டரிகள் மின்சார இன்டக்‌ஷன் உலைக்கு மாறிவிட்டன. ஆனாலும் குபோலாவைத் தெரிந்துகொள்ளாமல் வார்ப்புத் தொழிலைக் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இரும்பு, கரி, காற்று மூன்றும் ஒன்றோடொன்று என்ன செய்கின்றன என்பதை இந்த உலை கண்முன்னே காட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: படித்துவிட்டுத் தனியாக இறங்கிவிடாதீர்கள். அனுபவமுள்ள உலை மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே இந்த வேலை.

முதலில் உலையைச் சுற்றி ஒருமுறை நடங்கள்

நிமிர்த்தி வைத்த இரும்புத் தகட்டு உருளை, உள்ளே ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) சுவர். அடியில் இரண்டாகத் திறக்கும் கதவு, அதைத் தாங்கும் முட்டுக்கம்பி. முன்பக்கம் கீழே உருகிய இரும்பு வெளிவரும் டேப் ஹோல். பின்பக்கம், அதைவிட உயரத்தில், கசடு வெளியேறும் ஸ்லாக் ஹோல். அதற்கும் சற்று மேலே சுற்றிலும் காற்று நுழையும் துவாரங்கள், இவைதான் டியூயர். எல்லா டியூயருக்கும் சேர்த்து வெளியே ஒரு வளையப் பெட்டி இருக்கும். ப்ளோயரின் காற்று அந்த விண்ட் பாக்ஸுக்கு வந்துதான் உள்ளே போகும். ஒரு மாடி உயரத்தில் பிளாட்பாரமும், இரும்பையும் கோக்கையும் உள்ளே போடும் சார்ஜிங் டோரும்.

இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன் 1794-இல் காப்புரிமை வாங்கிய உலைக்கும் இன்றைய உலைக்கும் அடிப்படை ஒன்றுதான். இரும்பும் எரிபொருளும் ஒரே வயிற்றுக்குள் போகின்றன. இதனால்தான் இரும்பு உருகும்போதே கோக்கிலிருந்து கார்பனையும் எடுத்துக்கொள்கிறது, வேண்டாத கந்தகத்தையும் எடுத்துக்கொள்கிறது.

கணக்குக்காக 24 அங்குல உள்விட்டம் உள்ள சிறிய உலையை எடுத்துக்கொள்வோம். நன்றாக ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 2 டன் உருக்கும்.

படி 1: உட்சுவர் பழுது

முந்தைய நாள் ஓட்டத்தில் டியூயருக்கு மேலே சுவர் குழிவாகத் தின்னப்பட்டிருக்கும். ஒட்டிய கசடைக் கொத்தி எடுத்துவிட்டு, ஃபயர் கிளேயும் சிலிக்கா மணலும் கலந்த கலவையால் குழியை நிரப்பிப் பழைய விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கலவையில் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். சேறு போலப் பூசினால் சூட்டில் உரிந்து விழும்.

உள்ளே ஆள் இறங்கும் முன் சார்ஜிங் டோர் மட்டத்தில் இரும்பு வலையோ தகடோ போட்டு மூடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஒரு கட்டி கசடு தலையில் விழுந்தால் போதும். இதில் அவசரம் காட்டும் பட்டறையில் வேலை செய்யாதீர்கள். உலை ஆறி முடிய வேண்டும் என்பதால்தான் பல இடங்களில் இரண்டு குபோலா வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி ஓட்டுகிறார்கள்.

படி 2: மணல் தளம்

அடிக்கதவை மூடி முட்டுக்கம்பி கொடுத்ததும், ஈரம் அளவான மோல்டிங் மணலை உள்ளே கொட்டி இடிக்க வேண்டும். டேப் ஹோல் பக்கம் சுமார் 150 மி.மீ. கனம் வரட்டும். அங்கிருந்து பின்பக்கம் அடிக்கு ஒரு அங்குலம் வீதம் உயர வேண்டும். சரிவு இல்லாவிட்டால் இரும்பு உள்ளேயே தங்கி உறையும். சுவரும் மணலும் சேரும் மூலையை நன்றாக அழுத்தி வளைவாக விடுங்கள். இரும்பு கசிந்து கதவு வழியே ஒழுகுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

படி 3: பற்றவைப்பு

மணலின் மேல் வைக்கோல் அல்லது மரச்சீவல், அதன் மேல் காய்ந்த விறகு. டேப் ஹோல் வழியே நெருப்பு வையுங்கள். டியூயர் மூடிகள் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும், ப்ளோயர் வேண்டாம். விறகு நன்கு பிடித்ததும் கோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முதல் அடுக்கு சிவந்த பிறகுதான் அடுத்தது. இதற்கு 2 முதல் 3 மணி நேரம் ஆகும்.

எல்லா டியூயர் வழியாகவும் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் பிடிக்கவில்லை. அப்படியே மேலே நிரப்பினால் அன்றைக்கு முழுதும் உலை ஒரு பக்கமாகவே எரியும்.

படி 4: பெட் கோக்கின் உயரம்

இரும்பு போடுவதற்கு முன் அடியில் நிரப்பும் கோக்தான் பெட். அன்றைய உருக்கின் தலையெழுத்து இந்தப் படியில்தான் இருக்கிறது. புதியவர்கள் எல்லோரும் டேப் ஹோலில் தங்கம் போல இரும்பு வருவதைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். அங்கே வருவது இங்கே ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

டியூயரில் நுழையும் காற்றின் ஆக்சிஜன் கோக்கை எரித்துக் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. உலையின் கடும் சூடு இங்கேதான் பிறக்கிறது. கொஞ்சம் மேலே போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே அதே கார்பன் டை ஆக்சைடு கோக்கைத் தின்று கார்பன் மோனாக்சைடாக மாறும். இந்த மாற்றம் சூட்டைத் தருவதில்லை, இழுத்துக்கொள்ளும். இரும்பு உருக வேண்டியது ஆக்சிஜன் தீர்ந்து, சூடு இன்னும் குறையாமல் இருக்கும் அந்த இடத்தில். இரும்பை அந்த மட்டத்தில் தாங்கி நிற்பது பெட் கோக்.

பெட் தாழ்ந்தால் இரும்பு ஆக்சிஜனுக்குள் இறங்கி உருகும். சிலிக்கானும் மாங்கனீசும் எரிந்துபோகும், உலோகம் சில்லென்று வரும், வார்ப்பு கல் போல இறுகும். பெட் உயர்ந்தால் உருக்கு தாமதமாகும், கோக் வீணாகும். இரண்டில் எது பரவாயில்லை என்றால், உயர்ந்ததுதான். கொஞ்சம் கோக் போனாலும் வார்ப்பு தப்பிக்கும்.

உயரத்துக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. விண்ட் பாக்ஸ் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.5-ஆல் பெருக்கி 6 கூட்டுங்கள். விடை, டியூயருக்கு மேல் எத்தனை அங்குலம் என்பது. நம் உலையின் அழுத்தம் 16 அவுன்ஸ், நீர்க்குழாய் மானியில் சுமார் 28 அங்குலம் என்றால்: 16-இன் வர்க்கமூலம் 4, 10.5 பெருக்கல் 4, 42. அதோடு 6 சேர்த்தால் 48 அங்குலம். டியூயருக்குக் கீழே உள்ள கிணற்றுப் பகுதியையும் சேர்த்தால் பெட்டுக்கு மட்டும் 220 கிலோவுக்கு மேல் கோக் போகும்.

அளப்பதற்குச் சார்ஜிங் டோரிலிருந்து கொக்கி போட்ட சங்கிலியோ அளவுக்கம்பியோ விட்டுப் பாருங்கள். டோர் விளிம்பிலிருந்து டியூயர் வரை உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். அதில் 48 அங்குலம் கழித்த இடத்தில் சங்கிலியில் பெயின்ட் குறி வையுங்கள். கண்ணால் பார்த்து "போதும்" என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் யாரிடமும் கற்றுக்கொள்ளாதீர்கள். அளக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் மெல்லக் காற்று விட்டு நிறுத்தினால் கோக் சீராக அமரும், சாம்பலும் பறந்துவிடும். குறைந்திருப்பதை நிரப்பி மறுபடி அளங்கள்.

படி 5: சார்ஜ் போடுதல்

சார்ஜ் என்பது ஒரு முறைக்குப் போடும் இரும்பு, கோக், சுண்ணாம்புக்கல் தொகுதி. ஒரு கோக் அடுக்கு சுமார் 6 அங்குலக் கனம் இருக்க வேண்டும். நம் உலைக்கு அது 20 கிலோ. இரும்புக்கும் கோக்குக்கும் 8-க்கு 1 என்று வைத்தால் ஒரு சார்ஜுக்கு இரும்பு 160 கிலோ. சுண்ணாம்புக்கல் கோக்கில் கால்பங்கு, அதாவது 5 கிலோ. பிக் அயர்ன் (ஊது உலையிலிருந்து வரும் கட்டி இரும்பு), பழைய வார்ப்பு உடைசல், நம் பட்டறையிலேயே வார்ப்பிலிருந்து வெட்டி விழுந்த ரைசர் ரன்னர் துண்டுகள், கொஞ்சம் எஃகு ஸ்கிராப் என்று கலவை அமையும். உருக்கில் சிலிக்கான் பத்தில் ஒரு பங்கு, மாங்கனீசு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரையும் என்று கணக்கிட்டுக் கலவை போடுங்கள்.

முதல் அடுக்கு இரும்பு, அதன் மேல் கோக், அதன் மேல் சுண்ணாம்புக்கல், மறுபடி இரும்பு. டோர் மட்டம் வரை இதே வரிசை. சுண்ணாம்புக்கல் நடுவில் விழட்டும். சுவர் ஓரம் விழுந்தால் ஃபயர் பிரிக்கைத் தின்றுவிடும். எந்த இரும்புத் துண்டும் உள்விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நமக்கு 8 அங்குலம். நீளமான துண்டு குறுக்கே மாட்டினால் மேலே உள்ள சரக்கு இறங்காமல் தொங்கும், கீழே பெட் மட்டும் எரிந்துகொண்டே போகும்.

எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். கூடைக் கணக்கு வேண்டாம்.

கோக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பலும் கந்தகமும் கூடிய கோக் மலிவாகத்தான் கிடைக்கும். அந்தக் கந்தகத்தில் ஒரு பகுதி இரும்புக்குள் போகும், இன்னொரு பகுதி புகையோடு ஊருக்குள் போகும். ஆக்ராவில் நடந்தது நினைவிருக்கட்டும். தாஜ்மஹாலின் வெள்ளைப் பளிங்கு கெடுகிறது என்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 292 தொழிற்சாலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறவோ இடம்பெயரவோ சொன்னது. அந்தப் பட்டியலில் பவுண்டரிகள் ஏராளம். தாஜ்மஹால் இல்லாத ஊரிலும் புகையை மூச்சில் இழுப்பது மனிதர்கள்தானே. புகை கழுவும் அமைப்பு இல்லாமல் குபோலா ஓட்டக் கூடாது.

படி 6: காற்று விடுதல்

சார்ஜ் நிறைந்ததும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அப்படியே ஊறவிடுங்கள், இரும்பு சூடேறட்டும். பிறகு டியூயர் மூடிகளை அடைத்து ப்ளோயரைப் போடுங்கள். நம் உலைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 கன மீட்டர் காற்று வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு டன் இரும்பு உருக்க ஏறக்குறைய ஒரு டன் காற்று உள்ளே போகிறது. புதியவர்கள் கோக்கை எண்ணுவார்கள், காற்றை மறந்துவிடுவார்கள். விண்ட் பாக்ஸ் இணைப்பில் கசிவு இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, அன்றைய ஓட்டத்துக்கு முன்பே அடையுங்கள்.

இனி நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு டியூயரின் பார்வைத் துளையில் கண் வையுங்கள். முதலில் வெள்ளையாகக் கொதிக்கும் கோக் மட்டும் தெரியும். சற்று நேரத்தில் அதன் குறுக்கே பளிச்சென்று ஒரு துளி விழும், பிறகு இன்னொன்று, பிறகு மழை. காற்று போட்டதிலிருந்து 8 முதல் 10 நிமிடத்தில் முதல் துளி தெரிந்தால் பெட் சரி. 5 நிமிடத்திலேயே வந்தால் பெட் தாழ்வு. அடுத்த சார்ஜுகளில் கோக்கைக் கூட்டுங்கள். ரொம்பத் தாமதித்தால் பெட் உயர்வு. நீங்கள் அளந்தது சரியா என்பதற்கு உலையே தரும் பதில் இது. கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: டேப்பிங்

கிணற்றில் இரும்பு சேர்ந்ததும் கூர்க்கம்பியால் டேப் ஹோல் அடைப்பைக் குத்தித் திறக்க வேண்டும். லேடில் (உருகிய இரும்பைப் பிடிக்கும் வாளி) முன்கூட்டியே சிவக்கச் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். ஈரமான லேடிலில் உருகிய இரும்பு விழுந்தால் நீராவி வெடித்து இரும்பு சிதறும். தரையும் அப்படித்தான், காய்ந்த மணல் போட்டிருக்க வேண்டும். முகக்கவசம், தோல் ஏப்ரன், கால் மூடும் பூட்ஸ் இல்லாமல் அருகில் போகாதீர்கள்.

மூடும்போது, நீளக் கம்பியின் நுனியில் கூம்பாகப் பிடித்து வைத்த களிமண்ணை மேலிருந்து சாய்வாக இறக்கி அழுத்துங்கள். நேரே குத்தினால் ஓடிவரும் இரும்பு உங்கள் பக்கம் தெறிக்கும். அடுத்த களிமண் கம்பி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும்.

முதல் டேப் சற்றுக் குளிர்ச்சியாகத்தான் வரும். அதை மெல்லிய வார்ப்புகளுக்கு ஊற்றாதீர்கள். ஸ்லாக் ஹோலில் வரும் கசடு கறும்பச்சைக் கண்ணாடி போல இழுபட்டால் நல்லது. கறுத்துக் கனமாக வந்தால் இரும்பே எரிந்து கசடாகிறது என்று பொருள். உடனே பெட்டையும் காற்றையும் பாருங்கள்.

ஒவ்வொரு லேடிலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஆப்பு வடிவ அச்சில் ஊற்றுங்கள். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் நனைத்துச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். கூர்முனை வெள்ளையாக மின்னும், அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். வெள்ளை நேற்றைவிட அகலமாக இருந்தால் இரும்பு இறுகுகிறது. அந்த வார்ப்பு மெஷின் ஷாப்பில் டூல் முனையை உடைக்கும். 500 கிலோ லேடிலுக்கு ஒரு கிலோ அளவில் ஃபெரோ சிலிக்கான் தூவி மறுபடி ஆப்பு ஊற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, பத்து வார்ப்பைக் காப்பாற்றும்.

நடுவில் மின்சாரம் போனால்

ப்ளோயர் நின்ற அடுத்த நொடி டியூயர் மூடிகளைத் திறந்துவிடுங்கள். உள்ளிருக்கும் கார்பன் மோனாக்சைடு விண்ட் பாக்ஸுக்குள் பின்வாங்கும். மூடியபடியே வைத்திருந்து மறுபடி காற்று போட்டால் விண்ட் பாக்ஸ் வெடிக்கும். இதே வாயு பிளாட்பாரத்திலும் பரவும். வாசனை இல்லை, நிறம் இல்லை. மேலே சார்ஜ் போடுபவருக்குத் தலை சுற்றினால் வெயில் என்று நினைக்காமல் உடனே கீழே இறக்குங்கள். பிளாட்பாரத்தில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும்.

படி 8: அடிக்கதவு திறத்தல்

கடைசிச் சார்ஜ் உருகியதும் காற்றைக் குறைத்து, இரும்பையும் கசடையும் முழுக்க வடியவிட்டு, ப்ளோயரை நிறுத்தி டியூயர்களைத் திறங்கள். உலைக்கு அடியில் தரை உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஆட்களை விலக்கி, முட்டுக்கம்பியில் கட்டிய சங்கிலியைத் தூரத்திலிருந்து வின்ச் வைத்து இழுக்க வேண்டும். கதவு விரிந்து எரியும் கோக்கும் மணலும் மொத்தமாகக் கொட்டும். உருகிய இரும்பு அடியில் தேங்கியிருக்கவில்லை என்று உறுதியான பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும். அணைந்த கோக்கைப் பொறுக்கி வையுங்கள், அடுத்த பற்றவைப்புக்கு ஆகும்.

உலை ஆறியதும் உள்ளே விளக்குப் பிடித்துப் பாருங்கள். சுவரில் ஆழமாகத் தின்னப்பட்ட வளையம் டியூயருக்கு மேல் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது, ஒரே மட்டத்தில் சுற்றி வருகிறதா, ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா என்று அளந்து எழுதுங்கள். பெட் உயரம், முதல் துளி தெரிந்த நிமிடம், ஆப்பின் வெள்ளை அகலம், இந்த வளையத்தின் உயரம் ஆகிய நான்கையும் ஒரே வரியில், தேதியோடு, உலைப் பக்கத்திலேயே தொங்கும் நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்குப் பெட் போடுபவர் அதைப் பார்த்துத்தான் சங்கிலியில் குறியை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்வார்.